ஆனைமலைக் காட்டில் கிராவல் சைக்கிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சரளைப் பாதைக்கென்றே செய்த அகல டயர் சைக்கிள் வாங்கியவர்களின் கண் சீக்கிரமே ஆனைமலைத் தொடரின் மேல் விழுகிறது. பாலக்காட்டில் புறப்பட்டு, பரம்பிக்குளத்தின் காட்டையும் சதுப்பையும் கடந்து, இடுக்கியின் மறையூரிலோ மூணாறிலோ இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசையில் குற்றமில்லை. ஆனால் டயரின் அகலத்தையும் கியரின் பல்லையும் அலசி ஆராய்கிறவர்கள், அந்தக் காட்டின் சட்டத்தையும் பருவத்தையும் விசாரிக்க மறந்துவிடுகிறார்கள். அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்வோம்.

நம்பிக்கை: பாலக்காடும் இடுக்கியும் அடுத்தடுத்த மாவட்டங்கள். காட்டுக்குள் குறுக்கே போனால் சேர்ந்துவிடலாம்.

உண்மை: இரண்டுக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் திருச்சூர் மாவட்டத்தின் வாழச்சால் காடுகளும், தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் இருக்கின்றன. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பாலக்காட்டிலிருந்து வண்டியில் வருகிறவர்கள்கூடத் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் அங்கே போகிறார்கள். ஆனைமலை 2007-இலும் பரம்பிக்குளம் 2010-இலும் புலிகள் காப்பகங்கள் ஆயின. சேத்துமடை செக்போஸ்ட்டுக்கு மேல் சுற்றுலாப் பயணிகளின் இரு சக்கர வண்டிகளை விடுவதில்லை. பெடல் மிதிக்கும் வண்டிக்கென்று தனிச் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

நம்பிக்கை: பழைய டிராம் பாதையும் ராஜபாதையும் இருக்கின்றனவே, அவை சைக்கிளுக்கென்றே போட்டதுபோல் இருக்கும்.

உண்மை: அந்தப் பாதைகளின் கதை உண்மை. கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்துத் தேக்கைக் கீழே கொண்டுவர, சாலக்குடி வரை சுமார் 80 கி.மீ. நீளத்துக்கு வன டிராம் பாதை போட்டது. 1907 முதல் 1963 வரை அது ஓடியது. தண்டவாளம் போய் அறுபது ஆண்டு கடந்துவிட்டது. அது ஓடிய காடு இன்று காவலுக்கு உட்பட்ட காடு. ஆலுவாவிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு ஏறிய பழைய சாலைதான் ராஜபாதை; அதை 1924 வெள்ளம் சிதைத்தது. அதே வெள்ளம் மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் அடித்துக்கொண்டு போனது. பிறகு நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை வந்தது. பழையதைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் ஓயவில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து வந்தரவு, பேரிஜம் வழியாகக் கொடைக்கானல் போகும் பழைய சாலையும் பொதுப் போக்குவரத்துக்கு மூடிக் கிடக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் இவையெல்லாம் அழகான கோடுகளாகத் தெரியலாம். கோடு இருந்தால் உரிமை இருக்கிறது என்று பொருளல்ல.

நம்பிக்கை: அடர்காடு யாருக்கும் சொந்தமில்லாத இடம். ஆள் பார்க்காமல் போய் வந்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?

உண்மை: 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. மற்றவர்கள் 28-ஆம் பிரிவின்படி அனுமதி பெற்றே போக வேண்டும். அதற்கும் மேலாக, அது மனிதர் வாழும் காடு. பரம்பிக்குளத்தில் காடர், மலசர், மலமலசர், முதுவர் ஊர்கள் இருக்கின்றன. தேன், குங்கிலியம், கிழங்கு என்று அவர்கள் பிழைப்பு அந்தக் காட்டுத் தடங்களில்தான் நடக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை ஏற்றிருக்கிறது. அவர்கள் நடக்கிறார்களே என்று நாம் சைக்கிளில் நுழைவது, அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் கேட்காமல் கால் வைப்பதுதான்.

நம்பிக்கை: சதுப்பு என்றால் சேறுதானே. அகல டயரும் குறைந்த காற்றும் போதும்.

உண்மை: பரம்பிக்குளத்தில் தேக்கங்காட்டுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் புல்வெளிச் சதுப்புகளை வயல் என்கிறார்கள். மேலே பார்த்தால் பச்சைப் புல். விளிம்பில் நின்று பார்த்தால், காட்டெருமையின் குளம்பு பதிந்த ஒவ்வொரு குழியிலும் கறுத்த நீர் ஊறி நிற்கும். புல்லின் வேருக்குக் கீழே இருப்பது கால் புதையும் களி. நாற்பது மில்லிமீட்டர் டயர் அதில் மிதக்காது, அறுத்துக்கொண்டு இறங்கும். அந்தத் தடத்தின் வழியே நீர் வடிந்தால் வயல் காயத் தொடங்கும். கோடையில் யானைக்கும் காட்டெருமைக்கும் மானுக்கும் பச்சை மிஞ்சும் இடம் அதுதான். மனிதருக்கும் அது பாதுகாப்பானதல்ல. கீறல் விழுந்த காலோடு தேங்கிய நீரில் இறங்குகிறவரை எலிக்காய்ச்சல் பிடிக்கலாம். கேரளத்தில் மழைக்காலந்தோறும் பலரை வாட்டும் நோய் அது. ஓடை நீர் தெளிந்திருந்தாலும் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும்.

நம்பிக்கை: சைக்கிள் சத்தம் போடாது. அதனால் விலங்குகளுக்குத் தொந்தரவில்லை.

உண்மை: ஆபத்தே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. ஜீப் வரும் ஓசையை யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும். வளைவில் சத்தமில்லாமல் இறங்கி வரும் சைக்கிளைப் பத்தடியில் பார்த்தால் அது திடுக்கிடும்; கன்றோடு இருந்தால் பாயும். 2003-இல் தாய்லாந்தில் யானைகளைப் படமெடுத்து அளந்தபோது, மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகம் பதிவானது. சரளை ஏற்றத்தில் நம்மில் பலர் பத்தைத் தாண்டுவதில்லை. 2022 நவம்பரில் சாலக்குடி–வால்பாறைச் சாலையில், கபாலி என்று ஊரார் அழைக்கும் ஆண் யானை எதிரே வந்ததால், ஒரு பேருந்து பயணிகளோடு சுமார் 8 கி.மீ. பின்னோக்கியே போக வேண்டியிருந்தது. பேருந்துக்கே அந்த நிலை. ஆவி பறக்கும் சாணமும் அப்போதுதான் ஒடித்த மூங்கிலும் கண்ணில் பட்டால் இறங்கி நின்று, வந்த வழியே திரும்புங்கள். காதை ஆட்டிக்கொண்டு மேயும் யானை அமைதியாக இருக்கிறது. காதை விறைப்பாக விரித்து அசையாமல் நின்றால், அது நம்மைப் பார்த்துவிட்டது.

நம்பிக்கை: கோடைதான் சரியான காலம். மழையில்லை, அட்டையில்லை.

உண்மை: கோடை என்பது காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11-இல், இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. மழைக்காலமோ வேறு விதமான ஆபத்து: 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைப் பறித்தது. பருவமும் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. பாலக்காட்டுப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். இடுக்கிப் பக்கத்துச் சின்னாறோ மழைமறைவுப் பகுதி. அங்கே அக்டோபர், நவம்பர்தான் மழை மாதங்கள். டிசம்பரும் ஜனவரியும் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும்.

நம்பிக்கை: அப்படியானால் கிராவல் சைக்கிளுக்கு இங்கே வேலையே இல்லை.

உண்மை: நிறைய இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, அமராவதி, சின்னாறு, மறையூர், மூணாறு என்று போவது நேர்மையான வழி. அதில் சுமார் 16 கி.மீ. சின்னாறு வனவுயிர்ச் சரணாலயத்தின் ஊடே போகிறது. இது தார்ச்சாலைதான். ஆனால் முள்காடும் சாம்பல் நிற அணிலும் நட்சத்திர ஆமையும் சாலையோரத்திலேயே இருக்கின்றன. அந்தப் பகுதியைப் பகலில், நிற்காமல், சாலையை விட்டு இறங்காமல் கடந்துவிட வேண்டும். வேலமுள்ளுக்கு முன்னேற்பாடாக ட்யூப்லெஸ் டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள். சரளை மிதிக்கும் ஆசையைப் பொள்ளாச்சி, கொல்லங்கோடு பக்கத்து வாய்க்கால் கரைகளிலும் தோப்பு வழிகளிலும், மறையூர், காந்தளூர் சுற்றிய ஊர்ப் பாதைகளிலும் தீர்த்துக்கொள்ளலாம். எஸ்டேட் பாதையானால் மேலாளரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

திட்டம் போடும்போது வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். எந்தச் செக்போஸ்ட் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று எழுதி வையுங்கள். அடுத்து பருவத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு இருட்டுவதற்குள் எந்த ஊரில் தங்குவது என்று முடிவெடுங்கள். டயரைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். கூடாது என்று காவலர் சொன்னால் வேறு வழி தேடி வாதாடாதீர்கள், திரும்பி வாருங்கள்.