அச்சாரம் கொடுத்தாச்சு... வீடு நமக்குத்தானா?



நாங்கள் போகிற குழுக் கூட்டங்களில் வீடு, மனை பற்றிய கேள்விகள் அடிக்கடி வருகின்றன. விடியற்காலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்த்த கூலி, திராட்சைத் தோட்டத்து வேலை, குழுக் கடன், அடகு வைத்த நகை. இதெல்லாம் சேர்ந்ததுதான் நம் உறுப்பினர் கையில் இருக்கும் அட்வான்ஸ் பணம். அது மாட்டிக்கிட்டால் வீடும் இல்லை, வட்டியும் நிற்காது. ஆகவே இந்த மாதப் பாடம், வீட்டை விலை பேசுவது பற்றி.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். விலை பேசி முடிப்பது வேறு, வீடு நமதாவது வேறு. 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டப்படி, விற்கிறேன் என்று போடும் ஒப்பந்தம் மட்டும் சொத்தில் உரிமை தராது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை.

விற்பவர் எப்படி யோசிக்கிறார்?

ஒரு வீட்டை மூன்று பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 8 லட்சம் தருகிறேன், பேங்க் லோன் வர மூன்று மாதம் ஆகும் என்கிறார். இன்னொருவர் 8.25 லட்சம், ஆனால் என் தோட்டம் விற்றால்தான் என்கிறார். மூன்றாமவர் 7.75 லட்சம், ஒரே மாதத்தில் முழுப்பணம் என்கிறார். தை மாதம் மகள் கல்யாணத்தை வைத்திருக்கும் விற்பவர் மூன்றாமவருக்குத்தான் கொடுப்பார். அதிக விலை சொன்னவருக்கே கொடுக்கணும் என்று கட்டாயம் இல்லை. அதனால் வாங்கப் போகும்போது விலையை மட்டும் சொல்லாதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதிக்குள் வரும் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள்.

"இன்னொருத்தர் எட்டே கால் கேட்கிறார், இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க" என்று விற்பவரோ புரோக்கரோ அவசரப்படுத்தலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், விலை ஏற்றும் பேச்சாகவும் இருக்கலாம். எவ்வளவு வரை போகலாம் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். அந்தப் பேச்சில் நீங்களும் உட்காருங்கள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டால் போதாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள்

1. அசல் பத்திரம்: ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். அதை வைத்து யாரிடமாவது கடன் வாங்கியிருக்கலாம். பழைய பத்திரத்தில் "மதுரை மாவட்டம்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். தேனி மாவட்டம் 1996ல்தான் பிரிந்தது. ஊர், சர்வே எண், நான்கு எல்லை பட்டாவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

2. வில்லங்கச் சான்று: 30 வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவான விவரம் மட்டும்தான் அதில் வரும். நம் பக்கம் ஒத்திக்கு வீடு விடுவது வழக்கம். வெறும் எழுத்தாகப் போட்ட ஒத்தி அதில் தெரியாது. குடியிருப்பவரிடம் நேரில் கேளுங்கள்: "வாடகையா, ஒத்தியா? எவ்வளவு?"

3. வாரிசுகள்: இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005ஆம் வருடச் சட்டத் திருத்தமும், 2020 ஆகஸ்டில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பும் இதை உறுதி செய்தன. மற்ற மதத்தவர் குடும்பங்களிலும் பெண் வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நாளைக்கு வழக்கு வரும்.

4. அரசு கொடுத்த மனை: இலவசப் பட்டாவில் விற்கக் கூடாத காலம், நிபந்தனை எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் இனத்தவர் அல்லாதவர் வாங்க முடியாது.

5. பிளாட்: அங்கீகாரம் பெற்ற மனையா என்று கேட்டு, அனுமதி உத்தரவைக் கையில் வாங்கிப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்வதற்கு 2016க்குப் பிறகு கட்டுப்பாடு வந்துவிட்டது.

அக்ரிமெண்ட் எப்படி இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இதை வெறும் செலவு என்று நினைக்காதீர்கள். பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அடுத்து கேட்டு வருபவருக்கும் தெரிந்துவிடும். இரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்கும் வேலைக்கு இது ஒரு தடை.

அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்: மொத்த விலை, கொடுத்த தொகை, பாக்கி, கிரயம் முடிக்கும் தேதி, ஒத்திப் பணத்தை யார் திருப்புவது, லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்னாகும், விற்பவர் பின்வாங்கினால் எத்தனை நாளில் திருப்பித் தருவார். வாயால் சொன்னது நிற்காது.

பணத்தை பேங்க் மூலம் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்து அட்வான்ஸாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015 ஜூன் முதல் விதி இருக்கிறது. சில விலக்குகள் உண்டு. ஆனாலும் பாஸ்புக்கில் ஏறிய பணத்தை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

குறித்த தேதியில் கிரயம் செய்து தரவில்லை என்றால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தாதீர்கள்.

விற்பவர் நாமாக இருந்தால்?

அதிக விலை சொல்பவரைப் பார்த்து மயங்க வேண்டாம். பணம் வரும் வழியைக் கேளுங்கள். ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்கினால் அடுத்தவரிடம் வாங்காதீர்கள். கடன், ஒத்தி, பங்காளித் தகராறு எதையும் மறைக்காதீர்கள், சொல்வது சட்டப்படி நம் கடமை. ஒப்பந்தம் முறிந்தால் அதன் ரத்தையும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய ஒப்பந்தம் வில்லங்கத்தில் நின்றுகொண்டு அடுத்த கிரயத்தைத் தடுக்கும்.

பெண் பெயரில் வாங்கினால் லாபம்

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 8 லட்சம் மதிப்புக்கு 72,000 ரூபாய் ஆகிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அப்படியானால் 64,000 ரூபாய்தான். 8,000 ரூபாய் மிச்சம், சொத்தும் நம் பெயரில். விலை பேசும்போதே இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் யாருடைய வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது?
• வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் யாராவது உண்டா? இந்த மாதம் அவர் என்ன செய்யலாம்?
• வீட்டுக்காகக் குழுக் கடன் கேட்பவரிடம் வில்லங்கச் சான்றைக் கேட்டுப் பார்க்கிறோமா?