வெள்ளித்திரைக்கு ஒரு கறுப்பு-வெள்ளைச் சுருள்

கேள்வி: என்னிடம் 35 மி.மீ. பிலிம் காமிராவும் பழைய ஸ்லைடு புரொஜெக்டரும் இருக்கின்றன. கறுப்பு-வெள்ளைச் சுருளில் நெகடிவ்தானே கிடைக்கிறது? ஸ்லைடு செய்ய வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு, அதுவும் உங்கள் வீட்டுக் குளியலறையிலேயே செய்யக்கூடிய காரியம். முதல் டெவலப்பரில் நெகடிவ் பிம்பம் தோன்றியதும் பிம்பத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் போடாமல், நன்றாக அலசி, கந்தக அமிலம் சிறிது கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் திரவத்தில் இட்டால், அந்தப் பிம்பத்தின் வெள்ளி முழுவதும் கரைந்துபோய், ஒளி படாதிருந்த வெள்ளி உப்பு மட்டுமே சுருளில் எஞ்சி நிற்கும். (தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்; மாற்றி ஊற்றலாகாது.) பெர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை மெட்டாபைசல்பைட் திரவத்தில் நீங்கியதும், புது வெண்ணெய் போல வெளிறித் தெரியும் அச்சுருளை விளக்கொளியில் இருபுறமும் நன்கு காட்டி, மீண்டும் டெவலப்பரில் இட, கண்ணெதிரிலேயே நேர்ப்பிம்பம் கறுத்து எழும் அந்த ஆனந்தத்தை நான் இன்றுவரை அலுக்காமல் அனுபவித்து வருகிறேன். பின்னர் ஹைப்போ, அலசல், உலர்த்தல். பெர்மாங்கனேட்டில் ஈரப்பூச்சு இளகிவிடுமாதலால் சுருளை விரலால் தீண்டாதீர்கள்.

சாம்பல் சாயம் ஏறிய அடித்தளம் கொண்ட சுருளில் திரையின் வெண்மை மங்கும். ஆகவே இப்படி நேர்ப்பிம்பமாக்கும் ரிவர்சல் முறைக்கென்றே வரும் ஃபோமாபான் ஆர் 100 உத்தமம். படமெடுக்கையில் ஒளி மிகுந்தால் வெளிச்சப் பகுதிகள் வெறுமையாகிவிடும்; எனவே பிரகாசமான இடத்தைப் பார்த்தே அளவு வையுங்கள்.

ஐந்து சென்டிமீட்டர்ச் சதுரக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தினால் விளக்கின் உஷ்ணத்தில் பிலிம் வளையாது. திரையை நோக்கி நின்று, படம் நேராகத் தெரியும்படி பிடித்து, அப்படியே தலைகீழாக்கிச் செருகுங்கள்.