பழைய ஜென்னில் எந்தக் காசை எங்கே போடுவது?

பழைய மாருதி ஜென்னைப் பட்டறைக்கு ஓட்டிப் போய், “பிக்-அப் கொஞ்சம் ஏத்திக் கொடுங்கண்ணே” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் கை வைக்கும் இடம் சைலன்சராக இருக்கும்; அடுத்து கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர். இரண்டும் சத்தத்தை நன்றாகக் கூட்டும். வேகத்தில் கூடுவது ஸ்டாப்வாட்ச் வைத்துத் தேடினால்தான் தெரியும். குறைந்த காசில் வண்டி உண்மையாகவே சுறுசுறுப்பாக வேண்டுமென்றால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் எஞ்சினின் உடல்நிலை, பிறகு டயர், பிரேக், சஸ்பென்ஷன். சைலன்சர் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஜென்னை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1993-இல் வந்தபோது அதில் இருந்தது 993 சிசி நான்கு சிலிண்டர் அலுமினிய எஞ்சின், 50 குதிரைத்திறன். பின்னால் வந்த, இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வண்டியில் 60. எடையோ 750 கிலோவை ஒட்டித்தான். இன்றும் சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் உதிரிபாகம் கிடைக்கும். இங்கே சொல்வதில் பெரும்பகுதி 800, ஆல்டோ, சான்ட்ரோவுக்கும் பொருந்தும். எல்லாமே முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள்.

முதல் வேலை, தொலைந்துபோன குதிரைகளைத் திரும்பப் பிடிப்பது. இருபது வருடம் ஓடிய எஞ்சினில் அந்த 50 அப்படியே இருக்காது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும். அப்போதுதான் அளவு சரியாக வரும். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண் காட்டினால் நல்லது. ஒன்று மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இதைச் சரிசெய்யாமல் வேறு எதில் காசு போட்டாலும் வீண்.

கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்து நுனியைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் என்றால் எரிதல் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் சூடேறும். எண்ணெய்ப் பசை இருந்தால் மறுபடி ரிங் அல்லது வால்வு சீல் பக்கம் போக வேண்டியதுதான். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எம்பிஎஃப்ஐக்கு முந்தைய ஜென்னில் இருக்கும் கார்பரேட்டருக்கு அதை உணர்ந்து அளவை மாற்றிக்கொள்ளத் தெரியாது. அதனால் பழைய வண்டிகளில் பிளக் வெளுத்துக் காட்டுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யும்போதே மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் போட்டு, சில நாள் ஓட்டிவிட்டு, பிளக் நிறத்தை மறுபடி பார்க்கலாம். பெட்ரோல் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல.

டேப்பெட் செட்டிங், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ஏர் ஃபில்டர், இக்னிஷன் டைமிங் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றியே விடுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் கார்பரேட்டர் வேலைக்குப் பதில் த்ராட்டில் பாடியும் இன்ஜெக்டரும் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வளவுக்குப் பிறகு வண்டியை எடுத்து ஓட்டினால், பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் மறக்க வேண்டாம். இந்த முன்சக்கர வண்டிகளில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. மவுண்ட் நைந்துபோனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் பின்னால் சாய்ந்து, விடும்போது முன்னால் வரும். கியர் லீவரும் கூடவே ஆடும். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் ஆக்ஸில் ஜாயிண்ட் போய்விட்டது. ஆக்ஸில் பூட் கிழிந்த நிலையிலேயே கவனித்திருந்தால் கிரீஸும் பூட்டும் போட்டுத் தப்பியிருக்கலாம்.

இனி டயர். இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் அதே இரண்டு முன்சக்கரங்கள்தான். வளைவில் வேகம் கூடினால் ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்ப்பது அதனால்தான். கூடுதல் குதிரைத்திறன் அதை இன்னும் மோசமாக்கும். நல்ல டயர் குறைக்கும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால், கட்டை எவ்வளவு மீதி இருந்தாலும் ரப்பர் இறுகிப் பிடிப்பு போயிருக்கும்.

அளவை ஏற்றுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கம்பெனி கொடுத்தது 145/70 ஆர்13. அகலம் 145 மில்லிமீட்டரில் 70 விழுக்காடு, அதாவது 101.5, பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக 203. ரிம் 13 அங்குலம், 330. மொத்த விட்டம் 533 மில்லிமீட்டர். இதே கணக்கில் 155/70 ஆர்13 போட்டால் 547 வரும், 2.6 விழுக்காடு பெரிது. ஸ்பீடோமீட்டர் கணக்கு அந்த அளவு குறைத்துக் காட்டும், பிக்-அப்பும் ஒரு துளி மந்தமாகும். மூன்று விழுக்காட்டுக்குள் இருப்பதால் தொல்லையில்லை. 165/65 ஆர்13 என்றால் 545. அகலம் அதிகம்தான், ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜென்னைத் தெருவில் பார்க்கிங் செய்யும்போது தோள்பட்டை அதைச் சொல்லும். என் தேர்வு 155. பழைய ரிம்மிலேயே உட்காரும், அலாய்க்கு ஆகும் காசு மிச்சம்.

பிரேக்கில் பெரிய டிஸ்க்கெல்லாம் தேவையில்லை. தரமான பேட், தேய்ந்திருந்தால் டிஸ்க், பின்பக்க டிரம்மின் ஷூ அட்ஜஸ்ட்மெண்ட், புது ஃப்ளூயிட், இவ்வளவுதான். டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம். புதிதாக இருக்கும்போது முன்னதன் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்கும் பின்னதன் கொதிநிலை 230 டிகிரிக்கும் குறையக் கூடாது என்பது தர அளவு. டாட் 5 வேறு ஜாதி, சிலிக்கான். அதை ஊற்றவே கூடாது. ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்குங்கள். அங்குள்ள பிளீடர் நிப்பிளில் ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஃப்ளூயிட் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போதே மூடிவிட வேண்டும். டீ நிறத்தில் வருவது தெளிந்து, குமிழி நிற்கும்வரை இதுதான் வேலை. மேலே டப்பா காலியாக விடாதீர்கள். காற்று புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சஸ்பென்ஷனில் முதலில் புஷ், அப்புறம்தான் ஷாக் அப்சார்பர். லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் பார் புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவற்றின் விலை சொற்பம், பலன் அதிகம். ஷாக் அப்சார்பரை ஜோடியாகவே மாற்றுங்கள். முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்தும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கும்போது அறுத்த ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகரக்கூடும்.

எடை குறைப்பது இலவசம். சப்வூஃபர் பெட்டி, மேலே கேரியர், முன்னால் இரும்பு கிராஷ் கார்டு எல்லாம் சேர்ந்து 40 கிலோ வந்தால், அவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 800 கிலோ ஆகும் வண்டியில் அது 5 விழுக்காடு. 50 குதிரைத்திறனில் 5 விழுக்காடு என்றால் 2.5. எந்த சைலன்சரும் இதை உறுதியாகத் தராது. ஸ்டெப்னியை மட்டும் கழற்றாதீர்கள்.

மீதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சும். கம்பெனிப் பெட்டியில் புது பேப்பர் ஃபில்டரே மேல். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கினால் புகைச் சோதனையில் மாட்டுவீர்கள். எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்வது நல்ல பலன் தருவது டர்போ எஞ்சினில்தான். ஜென் மாதிரி எஞ்சினில் கைக்காசு போவதுதான் மிச்சம். எஞ்சினையே மாற்றும் யோசனை இருந்தால் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி வடிவத்திலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும்.

இத்தனையும் செய்த பிறகு வேகம் பார்க்கும் ஆசை வரத்தான் செய்யும். அதற்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ரேஸ் டிராக் இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதனின் பெயரில்தான் கோவை டிராக் நிற்கிறது. சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் டிராக் நாள் எப்போது என்று கேட்டு, ஹெல்மெட்டோடு போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கான இடம் இல்லை.