ஆன்மா அழியாததா? – நரகம், தீர்ப்பு பற்றிக் கிறிஸ்தவர்கள் கொள்ளும் நம்பிக்கைகள்

மறுமையை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. மவுத்துக்குப் பின் எழுப்பப்படுவோம், கேள்வி கணக்கு உண்டு, சுவர்க்கமும் நரகமும் உண்மை என்ற நம்பிக்கை நமக்கு மட்டுமே உரியதன்று. வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் இவற்றை நம்புகிறார்கள். அவர்கள் நம் அண்டை வீட்டார். நம் பிள்ளைகளில் பலர் அவர்கள் நடத்தும் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஓர் இறப்பு நிகழ்ந்தால் ஆறுதல் சொல்லப் போகிறோம். ஆனால் இறப்புக்குப் பின் என்ன நடக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள் எனக் கேட்டால், நம்மில் பலர் அரைகுறையாகக் கேட்டதையே சொல்வோம்.

"கிறிஸ்தவர்களுக்கு நரகம் என்பதே கிடையாது" என்பார் ஒருவர். "ஞானஸ்நானம் பெறாத பச்சைக் குழந்தையும் நரகத்துக்குப் போகும் என்பது அவர்கள் கொள்கை" என்பார் மற்றொருவர். ஒரு சபையினர் சொல்வதை, அல்லது ஒரு காலத்தவர் சொன்னதை எல்லோர் தலையிலும் ஏற்றுவதால் வரும் பிழை இது. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்புக்கூட உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்ற கருத்தைத் திருமறை போதிக்கிறது (5:8). பிறர் மார்க்கத்தைப் பற்றிப் பேசும் நாவுக்கும் அந்தக் கட்டளை பொருந்தும். எனவே அவர்கள் நம்புவதை முதலில் சரியாக அறிந்து கொள்வோம். பிறகு நம் நம்பிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நரகத்தைக் குறிக்கும் சொற்கள்

கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் நூல்களில் 'ஷியோல்' என்ற எபிரேயச் சொல் வருகிறது. நல்லவர், தீயவர் என்ற வேறுபாடின்றி இறந்தோர் எல்லோரும் சென்றடையும் இருண்ட இடம் அது. அதற்கு நிகராகப் புதிய ஏற்பாட்டில் 'ஹேடீஸ்' என்ற கிரேக்கச் சொல் வழங்குகிறது. தண்டனைக்குரிய நெருப்பைக் குறிக்கும் சொல் வேறு, அது 'கெஹன்னா'. புதிய ஏற்பாட்டில் இச்சொல் பெரும்பாலும் ஈஸா நபி (அலை) அவர்களின் வாய்மொழியாகவே வருகிறது.

கெஹன்னா என்பது 'ஹின்னோம் பள்ளத்தாக்கு' என்ற பெயரிலிருந்து பிறந்தது. அப்பள்ளத்தாக்கு பழைய ஜெருசலம் நகருக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது. முற்காலத்தில் வழிகெட்ட மக்கள் தம் பெற்ற பிள்ளைகளையே அங்கே நெருப்பில் இட்டுப் பலி கொடுத்தார்கள் என்று எரேமியாவின் ஆகமம் கண்டிக்கிறது. அந்தக் கொடுமை நடந்த இடத்தின் பெயரே பின்னர் மறுமைத் தண்டனைக்குப் பெயராயிற்று. நம் 'ஜஹன்னம்' என்ற சொல் இதனோடு உறவுடையது என்பதை ஒலியைக் கொண்டே உணரலாம்.

புரொட்டஸ்டண்டுகள் நெடுங்காலமாக வாசித்து வரும் தமிழ் பைபிளிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ஷியோலும் ஹேடீஸும் பெரும்பாலும் 'பாதாளம்' என்றும், கெஹன்னா 'நரகம்' என்றும் பெயர்க்கப்பட்டுள்ளன.

அழியாத ஆன்மா என்ற கருத்து

மனிதனின் உடல் மட்டுமே சாகிறது, ஆன்மா தன் இயல்பிலேயே அழிவற்றது என்பது பெரும்பாலான கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஆனால் பைபிளில் இக்கருத்து வெளிப்படையாக இல்லை என்று கூறும் கிறிஸ்தவ அறிஞர்களும் உண்டு. பாவம் செய்யும் ஆன்மா சாகும் என்ற கருத்து எசேக்கியேலின் ஆகமத்தில் (18:4) இருக்கிறது. சாவாமை இறைவன் ஒருவனுக்கே உரியது என்ற கருத்து தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில் (6:16) இருக்கிறது.

உடல் என்பது ஆன்மாவைப் பிடித்து வைத்துள்ள சிறை, மரணம் அதன் விடுதலை என்று கற்பித்தவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க ஞானி பிளாட்டோ. அவருடைய கல்வியில் ஊறியவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவியபோது இக்கருத்தையும் உடன் கொண்டு வந்தார்கள். எல்லோரும் அதை ஏற்றுக் கொண்டார்கள் என்பதில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்பவர் பிளாட்டோவைக் கற்ற பின்னரே கிறிஸ்தவரானவர். ஆன்மா தானாக உயிர் வாழ்வதில்லை, இறைவன் நாடும் வரையே வாழ்கிறது என்று அவர் எழுதினார். ஆயினும் அகஸ்டின் (354–430) போன்ற பெரியோர்களின் செல்வாக்கால் அழியாத ஆன்மா என்ற கருத்தே நிலைபெற்றது. 1513இல் ரோமில் கூடிய ஐந்தாம் லாத்தரன் சங்கம் இதைக் கத்தோலிக்கக் கொள்கையாக அறிவித்தது.

வாதம் அதோடு முடியவில்லை. மார்ட்டின் லூதர் மரணத்தை ஓர் உறக்கம் போலப் பல இடங்களில் பேசினார். கால்வின் அக்கருத்தை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். 1955இல் ஆஸ்கர் குல்மன் என்ற புரொட்டஸ்டண்டு அறிஞர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், புதிய ஏற்பாடு தரும் நம்பிக்கை இறந்தோர் எழுப்பப்படுவதே என்றும், அழியாத ஆன்மா என்பது கிரேக்கக் கருத்து என்றும் வாதிட்டார். அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது.

நரகம் பற்றி மூன்று கொள்கைகள்

ஆன்மா அழியாதது என்றால், மீட்படையாத ஆன்மாவின் கதி என்ன? இதில் கிறிஸ்தவர்களிடையே மூன்று கொள்கைகள் உள்ளன.

1. முடிவில்லாத் தண்டனை. கத்தோலிக்கர்களும் புரொட்டஸ்டண்டுகளில் பெரும் பகுதியினரும் கொண்டுள்ள கொள்கை இது. மத்தேயு 25:46ஐ அவர்கள் ஆதாரம் காட்டுவர். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், நரகத்தின் முதன்மையான வேதனை இறைவனை விட்டு என்றென்றும் பிரிந்திருப்பதே என்று விளக்குகிறது.

2. இறுதியில் எல்லோரும் மீள்வர் என்பது. 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் என்பவர் இவ்வாறு கருதினார்; தண்டனை தூய்மைப்படுத்துவதற்கே என்றார். 6ஆம் நூற்றாண்டில், ஜஸ்டினியன் பேரரசரின் காலத்தில் இக்கொள்கை கண்டிக்கப்பட்டது. 1853இல் எஃப். டி. மாரிஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், முடிவில்லாத் தண்டனை பற்றிய மரபான கருத்தைக் கேள்வி கேட்டதற்காக லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பதவியை இழந்தார்.

3. தீயோர் அழிந்து போவர் என்பது. நெருப்பு அவர்களை இல்லாமல் ஆக்கிவிடும், வேதனை தொடராது என்பது இக்கொள்கை. செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபையாரும் யெகோவா சாட்சிகளும் வெவ்வேறு விதமாக இதைக் கற்பிக்கிறார்கள். 1988இல் ஜான் ஸ்டாட் என்ற புகழ்பெற்ற இங்கிலாந்துப் போதகரும் இக்கருத்தின்பால் தமக்குள்ள சாய்வை வெளியிட்டார்.

"கிறிஸ்தவர்களுக்கு நரகம் கிடையாது" என்ற பேச்சு இந்த மூன்றாவது கூட்டத்தாரிடம் கேட்டதாகவே இருக்க வேண்டும்.

தீர்ப்பு எப்போது? எதைக் கொண்டு?

கத்தோலிக்கர்கள் இரு தீர்வைகளை நம்புகிறார்கள். இறந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை. உலக முடிவில் எல்லோருக்கும் பொதுத்தீர்வை. இடையில், சிறு குறைகளோடு இறந்த விசுவாசிகள் தூய்மை பெறும் இடம் 'உத்தரிக்கிற ஸ்தலம்'. நவம்பர் 2ஆம் நாள் அவர்கள் கல்லறைகளுக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டுவதை நம் ஊர்களிலும் காண்கிறோம். இறந்தோரின் தூய்மைக்கான வேண்டுதல் அது. புரொட்டஸ்டண்டுகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை.

14ஆம் நூற்றாண்டில் ஒரு போப்பே இதில் சர்ச்சைக்கு ஆளானார். நல்லோரின் ஆன்மாக்களும் இறுதித் தீர்ப்பு வரை இறைதரிசனத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று 22ஆம் ஜான் 1331இல் பிரசங்கம் செய்தார். எதிர்ப்பு மூண்டது. 1334இல் மரணப் படுக்கையில் அதை மீட்டுக் கொண்டார். தூய ஆன்மாக்கள் காத்திராமல் உடனே இறைவனைக் காண்கின்றன என்று அடுத்து வந்த போப் 1336இல் தீர்மானமாக அறிவித்தார்.

தீர்ப்பின் அளவுகோலைப் பற்றி மத்தேயு 25ஆம் அதிகாரம் சொல்வது நம் கவனத்துக்குரியது. பசித்தவருக்கு உணவளித்தீர்களா, நோயாளியைப் பார்க்கப் போனீர்களா என்பதே அங்கு எழும் கேள்வி. அல்லாஹ் மறுமையில் அடியானிடம், நான் நோயுற்றபோது நீ ஏன் பார்க்க வரவில்லை, உணவு கேட்டபோது ஏன் தரவில்லை என்று கேட்பதாகவும், அவனுடைய அடியார்களைக் கவனியாமல் விட்டதையே அது குறிக்கும் என்றும் முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஹதீஸை அறிந்தவர்களுக்கு இந்த நெருக்கம் புரியும். வேறுபாடும் பெரியதே. அவர்களிடம் நீதிபதி ஈஸா (அலை). நம்மிடம் தீர்ப்பு நாளின் அதிபதி அல்லாஹ் ஒருவனே.

குழந்தைகளின் நிலை

ஆதமின் பாவம் பிறக்கும்போதே ஒட்டிக் கொண்டு வருகிறது என்ற 'ஜென்ம பாவ'க் கொள்கையால், ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளின் கதி என்ன என்ற கேள்வி அவர்களிடம் எழுந்தது. மிக இலேசான தண்டனை உண்டு என்றார் அகஸ்டின். பிற்கால அறிஞர்கள், வேதனையும் இல்லாத, இறைதரிசனமும் இல்லாத 'லிம்போ' என்ற நிலையைச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்களின் நெஞ்சை இந்தக் கேள்வி அறுத்திருக்கும். 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு, இக்குழந்தைகள் இறைவனின் இரக்கத்தால் மீட்படைவர் என்று நம்பத் தக்க காரணங்கள் உண்டு என ஓர் அறிக்கையில் எழுதியது. எனவே குழந்தைகள் நரகம் போகும் என்று அவர்கள் எல்லோரும் நம்புவதாகச் சொல்வது அநீதியாகும்.

ஒவ்வொரு குழந்தையும் தூய இயற்கையிலேயே பிறக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இறந்த குழந்தைகள் இப்ராஹீம் நபி (அலை) அவர்களைச் சூழ்ந்திருக்கக் கனவில் கண்டதாகவும், இணைவைப்போரின் குழந்தைகளும் அவர்களில் உண்டு என்றும் கூறியதாகப் புகாரி ஷரீஃபில் வருகிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் தீர்ப்பு (6:164).

நமது நம்பிக்கை

ரூஹு இறைவனின் கட்டளையைச் சேர்ந்தது. அதைப் பற்றி நமக்குத் தரப்பட்ட அறிவு சொற்பமே (17:85). ஒவ்வோர் ஆத்மாவும் மரணத்தைச் சுவைக்கும் (3:185). மரணத்தின்போதும் உறக்கத்தின்போதும் உயிர்களைக் கைப்பற்றுபவன் அல்லாஹ்வே (39:42). ஆகவே ஆன்மா தன் பலத்தால் நிலைப்பதில்லை. அவன் நிலைக்க வைப்பதால் நிலைக்கிறது. கப்றில் பர்ஸகுடைய வாழ்வும், மஹ்ஷரில் உடலோடு எழுப்பப்படுவதும், சுவர்க்கத்தில் நிலைத்திருப்பதும் அவன் நாட்டமே.

கிரேக்கத் தத்துவம் நம்மவரையும் தீண்டாமல் விடவில்லை. இப்னு ஸீனா போன்ற தத்துவ ஞானிகள் மறுமை ஆன்மாவுக்கே என்ற கருத்தில் சாய்ந்தபோது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505) தம் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' நூலில் அதை வன்மையாக மறுத்தார்கள். முதலில் படைத்தவனுக்கு மீண்டும் படைப்பது எளிது என்ற திருமறையின் வாதமே (36:79) அவர்கள் பக்கம் நின்றது.

நிராகரித்தோருக்கு நரகில் சாவும் இல்லை, வாழ்வும் இல்லை என்று திருமறை எச்சரிக்கிறது (87:13). ஆனால் உள்ளத்தில் அணுவளவு ஈமான் உள்ளவர் இறுதியில் நரகிலிருந்து வெளியேற்றப்படுவார் என்பது ஸஹீஹான ஹதீஸ். அச்சமும் ஆதரவும் சேர்ந்ததே முஃமினின் உள்ளம்.

நாம் பேண வேண்டிய ஒழுக்கம்

அன்பர்களே! நரகம் உண்மை என்று நம்புவது வேறு. இன்னார் நரகவாசி என்று நாம் முத்திரை குத்துவது வேறு. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) மறைந்தபோது, அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்தி விட்டான் என்று ஒரு பெண்மணி உறுதியாகச் சொன்னார். அது உமக்கு எப்படித் தெரியும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அத்தகைய ஸஹாபியைப் பற்றியே இப்படியென்றால், அண்டை வீட்டுப் பாடையைப் பார்த்துத் தீர்ப்பளிக்க நாம் யார்?

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று சொல்லப்பட்டது. அதுவும் ஓர் ஆத்மா அல்லவா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள இந்த ஹதீஸை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கிறிஸ்தவத் தோழன் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால், பொறுமையாகக் கேட்டு, அழகிய முறையில் பதில் சொல்ல அவர்களைப் பழக்குங்கள் (29:46).

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காப்பானாக! ஈமானோடு மவுத்தாகும் பாக்கியத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.