ஏழு வரி சரியென்றால் எட்டாவதும் சரியா?

உள்ளீடுகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரி என விடையை எழுதும் மெய் அட்டவணையில் முதல் சில வரிகள் ஒத்துவந்துவிட்டால் மிச்சமும் ஒத்துவந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும் என்று பள்ளியில் படிந்த பழக்கம்தான் இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. பூலியன் சார்பில் அந்தப் பழக்கம் செல்லாது. இங்கே ஒரு வரியின் விடை அடுத்த வரியைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. மூன்று மாறிகள் என்றால் 8 வரிகள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 எதுவும் வரலாம் என்பதால் மொத்தம் 256 சார்புகள். ஏழு வரிகளைச் சரியாக நிரப்பிய பிறகும் இரண்டு சார்புகள் எஞ்சி நிற்கும். எது நம்முடையது என்பதைக் கடைசி வரிதான் சொல்லும். மாடிப்படி விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். 00, 01, 10 என்ற மூன்று வரிகளிலும் ஆர் (OR), எக்ஸார் (XOR) என்ற இரண்டு சார்புகளுக்கும் ஒரே விடை. 11-இல் மட்டும் ஆர் 1 தரும், எக்ஸார் 0 தரும். ஆர் முறையில் வயரிங் செய்த வீட்டில், கீழே விளக்கைப் போட்டுவிட்டு மேலே ஏறியவர் மேல் சுவிட்சைத் தட்டினால் விளக்கு அணையாது.

ஒரு வரிதானே என்பவர்கள் 1994-ஐ நினைத்துப்பார்க்க வேண்டும். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டும்போது இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப் தப்பாக வகுப்பதைக் கண்டுபிடித்தார். வகுத்தலுக்காக சிப்புக்குள் பதித்திருந்த அட்டவணையில் மதிப்பு இருக்க வேண்டிய 1,066 இடங்களில் 5 இடங்கள் விடுபட்டு, 2 வர வேண்டிய இடத்தில் 0 வந்தது. பிட்டுகளாகப் பார்த்தால் அதுவும் ஒரு மெய் அட்டவணைதான். பெரும்பாலான கணக்குகளில் பிழை தலைகாட்டவே இல்லை. ஆனாலும் இன்டெல் இதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

இரண்டு 64 பிட் எண்களைக் கூட்டும் சுற்றுக்கு 128 உள்ளீடுகள். வரிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம். அத்தனையையும் யார் எழுதிப்பார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாரும் எழுதுவதில்லை, அதற்காக எந்த வரியையும் விட்டுவிடுவதும் இல்லை. இரண்டு பிட்டுகளையும் முந்தைய இடத்திலிருந்து வரும் மிகுதியையும் கூட்டும் முழுக் கூட்டி ஒன்றின் 8 வரிகளையும் சரிபார்த்து, அதைத் தொடராக இணைத்தால் எத்தனை பிட்டுக்கும் விடை சரியாக வரும் என்று கணிதத் தொகுத்தறிதலால் நிறுவிவிடலாம். அந்த எட்டில் ஒன்று பிசகினால் நிரூபணமே நிற்காது. சில வரிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று பாடமே சொல்கிறதே என்பது இன்னொரு கேள்வி. 0 முதல் 9 வரை காட்டும் எண்பலகைக்கு 4 பிட் தேவை. வரிகள் 16, அவற்றில் 6 உபரி. அந்த ஆறிலும் எக்ஸ் குறி போடுவது, இந்தச் சேர்க்கை உள்ளே வராது என்று வடிவமைப்பவர் பொறுப்பேற்று எடுக்கும் முடிவு. அதை எடுக்கவும் ஆறு வரிகளையும் முதலில் எழுதியாக வேண்டும்.