துல்லிய வேளாண்மையும் நம் பிள்ளைகளும்

ஒரே நிரையில் நிற்கும் மரங்களும் ஒரே அளவு பால் தருவதில்லை என்பதைச் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மரம் சீவிய நாம் நன்கறிவோம். அவ்வேறுபாட்டை அளந்தறிந்து, இடத்திற்கேற்ப உரமும் நீரும் இடுவதே துல்லிய வேளாண்மை.

1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மண்ணையும் இலையையும் சோதித்து உரமிடும் முறையை வகுத்தது. மக்னீசியம் மிகுந்தால் பால் மங்கிலேயே உறையத் தொடங்கும். தழைச்சத்து மிகுந்தால் தழை அடர்ந்து, காற்றில் மரம் முறியும். எல்லா நிரைக்கும் ஒரே அளவு உரம் என்பது பணவிரயம் மட்டுமன்று, கேடும் ஆகும். இன்றோ செயற்கைக்கோளும் ட்ரோனும் இவ்வேறுபாடுகளைக் காட்ட, கணினி அவற்றை வரைபடமாக்குகின்றது.

இவற்றைக் கற்க விழையும் மாணவர் செர்டாங்கை நாடலாம். 1931இல் வேளாண்மைப் பள்ளியாகத் தோன்றி, 1971இல் பல்கலைக்கழகமாகி, 1997இல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிய நிலையம் அங்குள்ளது. வேளாண் பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் இன்றியமையாதவை. அவற்றை நான்காம் படிவத்திலேயே தேர்ந்தெடுத்தல் வேண்டும். எஸ்.பி.எம். முடிவு வந்தபின் எண்ணுவது காலங்கடந்த செயல்.

"வேளாண்மை படித்தால் மீண்டும் மண்வெட்டியா?" எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். மண்வெட்டி பிடிப்பது இழிவன்று. அது நிற்க, இப்படிப்பில் கணக்கும் கணினியுமே மிகுதி. அடுத்த விடுமுறையில் பிள்ளையை நிரைக்கு அழைத்துச் சென்று, எம்மரம் ஏன் பால் குறைந்தது என்பதை விளக்கிக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்.