எழுத்துப் பயிற்சியும் இடையூறும்

எழுத்து நாடோறும் பயில்வதாற் சிறக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆயின், வாழ்க்கை நாடோறும் ஒரு தன்மையாய் நடப்பதில்லை. காலபோக விதைப்பு வருகின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் வருகின்றது. இடமாற்றக் கடிதம் வருகின்றது. இவை யாவும் ஒழிந்தபின் எழுதுவோம் என்றிருப்பவர், அலை ஓய்ந்தபின் கடலாட நினைப்பவரை ஒப்பர். ஆகவே, அறுந்த இழையை மீண்டும் பிணைக்கும் வகையை ஆராய்தலே தக்கது.

இதற்கு விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' நல்ல சான்றாகும். ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆய்ந்து இயற்றப்பட்ட அந்நூல், 1947 ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அடிகள் மறைந்தார். அவ்வாண்டுகளில் அவருக்கு முழு ஓய்வு வாய்த்ததில்லை. இராமகிருஷ்ண சங்கப் பணிகள் ஒருபுறம் இருந்தன. சில காலம் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலிருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராய் விளங்கினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். நோயும் அவரை வருத்தியது.

இத்தனை மாற்றங்களுக்கும் இடையே ஒரு வினா மட்டும் மாறாதிருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் காணும் இசைச் செய்திகளுக்கு உண்மைப் பொருள் யாது என்பதே அவ்வினா. விஞ்ஞான ஆசிரியராயிருந்த காலத்திற் பயின்ற கணிதமும் பௌதிகமும், பின்னர் இசை நரம்புகளின் அளவைக் கணிக்க அவருக்குத் துணையாயின. வேறு பணியிற் கழிந்த காலம் வீண்காலம் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. வினா மாறாதவர்க்கு விட்ட இடம் மறவாது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பயிற்சிகள் மூன்று. முதலாவது, வேலை மிகுந்த நாளில் எழுத்தைக் குறைக்கலாம், விட்டுவிடலாகாது. விதைப்புக் காலத்து நான்கு வரி போதும். இரண்டாவது, நிறுத்தும்போது அடுத்து எழுத வேண்டியதை ஒரு வரியிற் குறித்து வைத்தல் வேண்டும். அவ்வரியே திரும்பி வருபவனுக்கு வழிகாட்டி. மூன்றாவது, நெடுநாள் இடைவெளியின்பின் புதிதாய் ஒன்றைத் தொடங்க முயலாது, கடைசிப் பந்தியை ஒருமுறை பார்த்தெழுதுதல் நன்று. கை பழகியதும் கருத்துத் தானே தொடரும்.

கடைசிப் பந்தியே இல்லாதவர் யாது செய்வர்? வன்னியில் இவ்வினா எளியதன்று. 2008 இலும் 2009 இலும் நம் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, உறுதிகளோடு கொப்பிகளும் வழியிற் போயின. போன ஏட்டை மீட்டல் அரிது. எனினும், அதில் எழுதியிருந்தவற்றின் தலைப்புகளையேனும் நினைவிலிருந்து வரிசையாக எழுதலாம். ஒரு தலைப்பு மற்றொன்றை நினைவூட்டும்.

பழைய மாணவர்காள்! வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலின் வழக்குகளையும், தூர்ந்துபோன சிறுகுளங்களின் பெயர்களையும் அறிந்த மூத்தோர் நம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நமக்கு ஓய்வு கிடைக்கும்வரை அவர்கள் காத்திருத்தல் இயலாது. இன்றிரவே ஒரு தாளில் இன்றைய திகதியை இடுங்கள். அதன்கீழ் ஒரு குளத்தின் பெயரை எழுதுங்கள். நாளை எழுத வேண்டியதை அதனடியிற் குறித்து வையுங்கள்.